சட்டாம்பிள்ளையின் வரலாறு: வகுப்பறை ஈடுபாடு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிலும் சேவைக்காலப் பயிற்சி வகுப்புகளிலும் இன்று பெரிதும் பேசப்படும் பொருள்களுள் ஒன்று, வகுப்பறைக் கற்றலில் மாணவரை எவ்வாறு ஈடுபடச் செய்வது என்பதாகும். குழுச் செயற்பாடு, விளையாட்டு, கதை, நடிப்பு, காட்சிச் சாதனம் எனப் பல வழிமுறைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. இவை பயனற்றவை என்பது நமது கருத்தன்று. ஆயினும் இவ்விவாதங்கள் பெரும்பாலும் ஓர் எடுகோளின் மீதே நிற்கின்றன: மாணவரின் ஈடுபாடு ஆசிரியரின் தனிப்பட்ட ஆற்றலின் விளைவு, ஆற்றலுள்ள ஆசிரியர் வாய்த்தால் வகுப்பு உயிர்பெறும், வாய்க்காவிடின் உறங்கும். இவ்வெடுகோள் எத்துணை உண்மையானது? ஒரு கற்பித்தல் முறையைத் தெரிந்தெடுத்து, அது காணப்பட்ட இடத்திலிருந்து சென்று சேர்ந்த இடங்கள்வரை தொடர்ந்து நோக்குவது இவ்வினாவுக்கு விடை காண உதவும் என நாம் கருதுகிறோம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையாகும். இன்று 'குழுக் கற்றல்' என்ற பெயரில் புதியதொன்றாகப் பயிற்சி வகுப்புகளில் அறிமுகஞ் செய்யப்படும் இம்முறைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவன் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை.

திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றி நம்மவரிடையே இருவேறு தீவிர நிலைப்பாடுகள் உள. ஒருசாரார் அதனை அந்நியராட்சி அழித்துவிட்ட பொற்காலத்தின் சின்னமாகப் போற்றுவர். மறுசாரார் பிரம்பும் கோதண்டமும் நெட்டுருவும் நிறைந்த இருளிடமாகத் தள்ளுவர். இரண்டுமே ஆதாரங்களை ஓரக்கண்ணால் பார்ப்பவை. சென்னை மாகாண ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் தொடக்கிவைத்த விசாரணையின் பெறுபேறுகள் 1826இல் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி ஏறத்தாழ 1 கோடி 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் உயர்கல்வி நிலையங்களும் இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். பெண்பிள்ளைகள் மிகமிகச் சிலர். பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகள் தமிழ் மாவட்டங்களில் பெருந்தொகையினராய் இருந்தனர் என்பது உண்மையே. அதனைத் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துக்காட்டிற்று. ஆனால் நிலத்தில் இறங்கி உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமிருக்கவில்லை என்பதையும் அதே மூச்சிற் சொல்லுதல் வேண்டும்.

இத்தொகைகளில் நமது பொருளுக்கு உடனடியாகப் பயன்படுவது வேறொன்று. மாணவர் தொகையைப் பள்ளித் தொகையால் வகுத்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி 15 பிள்ளைகள் வருகின்றனர். ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். வகுப்புப் பிரிவு இல்லை; ஒவ்வொருவனும் தனக்குரிய சுவடியில் தனக்குரிய இடத்தில் நின்றான். சிறியவன் மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து பழக, மூத்தவன் அருகிருந்து சொல்லிக்கொடுத்தான். உபாத்தியாயர் இல்லாதபோதும், பலவேளைகளில் அவர் இருக்கும்போதும், முறை சொல்விப்பவன் சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலே கிராமத்து ஆசிரியரையே 'சட்டம்பியார்' என்று அழைக்கும் வழக்கு அண்மைக்காலம்வரை இருந்ததை இங்கு நினைவுகூரலாம். ஒரே வேரினவாகத் தோன்றும் இரு சொற்கள், ஓரிடத்தில் மாணவனையும் மற்றோரிடத்தில் ஆசிரியனையும் குறித்தமை தற்செயலானதன்று எனவே நமக்குத் தோன்றுகிறது. இரு நிலைகளுக்கும் இடையிலான கோடு அத்துணை மெல்லியதாக இருந்தது.

பயின்றவை யாவை? அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றோடு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியனவும் பயிலப்பட்டன. பின்னவற்றை நாம் 'வாய்ப்பாடு' என்று ஒதுக்கிவிடும் பழக்கமுடையோம். 2022இல் வெளிவந்த தமது ஆய்விலே செந்தில் பாபு இப்பழக்கத்தைத் திருத்துகிறார். திண்ணைப் பள்ளியில் நினைவு என்பது கற்றலுக்குத் துணையான வெறும் உத்தியன்று, அதுவே கற்றலின் வடிவம் என்பது அவர் காட்டும் முடிபு. மா, காணி, முந்திரி எனக் கீழிறங்கும் பின்னங்களையும், நாழி, குறுணி, கலம் என ஏறும் அளவைகளையும் கூட்டாகப் பாடி, தானே எழுதி, பிறனுக்குச் சொல்லி, மனத்திற் பதித்த சிறுவன், பள்ளிக்கு வெளியே களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் அதே அளவைகள் பயன்படுவதைக் கண்டான். பாடத்திற்கும் வாழ்க்கைக்கும் இடையே பாலம் அமைக்கும் சிறப்பு உத்தி எதுவும் அவ்வாசிரியருக்குத் தேவைப்படவில்லை; பாலம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அப்பாலத்தின் மீது யார் நடந்தனர் என்ற வினாவையும் எழுப்பாமல் இருக்கவியலாது. அளக்கப்பட்ட நெல்லை விளைவித்தவனின் பிள்ளை அத்திண்ணையில் அமரவில்லை. கணக்கு, அளப்பவன் பக்கத்து அறிவாகவே இருந்தது.

சிறுவர் ஒருவருக்கொருவர் கற்பிப்பதைக் கண்டு வியந்த அயலார் குறிப்பொன்று 1623இலேயே கிடைக்கிறது. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே கன்னட நாட்டில், கோயிலொன்றின் முன்மண்டபத்தில், நான்கு சிறுவர் நிலத்தில் மணல் தூவி, பாடியபடியே விரலால் இலக்கங்களை எழுதி அழித்து எழுதுவதைக் கண்டார். மறந்துபோனால் யார் திருத்துவர் என்று அவர் கேட்டபோது, ஆசிரியர் உதவியின்றித் தாமே ஒருவரையொருவர் திருத்திக்கொள்வதாகவும், நால்வரும் ஒரே இடத்தை ஒருங்கே மறப்பது நடவாத காரியம் என்றும் அவர்கள் விடை கூறினராம். கற்றலின் கூட்டுத்தன்மை பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட பல நூல்களிலும் பார்க்க இவ்விடை தெளிவாயிருக்கிறது.

இனி, இம்முறை கடல் கடந்த கதையை நோக்குவோம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மதகுரு அன்றூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகள் அங்கு வளர்க்கப்பட்டனர். அவர்களுட் பலருடைய தாய்மார் இந்தியப் பெண்கள். ஒருநாட் காலை அவ்வழியே சென்ற பெல், 'மலபார்' பள்ளியொன்றிலே பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். (தமிழரை ஐரோப்பியர் அக்காலத்தில் 'மலபார்' என்றே குறித்தனர், ஆகவே அது தமிழ்ப் பள்ளி.) தமது இல்லத்திலும் அவ்வாறே செய்விக்க அவர் முயன்றபோது சம்பளம் பெற்ற துணை ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே ஜோன் ஃபிறிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி கண்டான். படிப்படியாக முழு இல்லமும் மாணவரால் மாணவருக்குக் கற்பிக்கப்படும் நிலையமாயிற்று. பெல் 1796இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டு தமது பரிசோதனையை நூலாக வெளியிட்டார். 'மட்றாஸ் முறை' என அது பெயர்பெற்றது. மணலெழுத்தைத் திண்ணையிற் கண்டதாக ஒப்புக்கொண்ட பெல், மாணவனே ஆசிரியனாகும் முறையைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். குடியேற்ற நாட்டின் பண்டம் பெருநகரிற் புது முத்திரை பெறுவது துணி, சாயம் முதலியவற்றுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று.

இங்கிலாந்தில் அம்முறைக்கு நேர்ந்தது என்ன? 1798இல் தென் லண்டனிற் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்ரர் ஏறத்தாழ இதே முறையைக் கையாண்டு, ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று பறைசாற்றினார். திண்ணையின் பதினைந்து இங்கே ஆயிரமாயிற்று. நீண்ட மண்டபத்தில் வரிசை வரிசையாக வாங்குகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மொனிற்றர். மொனிற்றர்களுக்கு மேல் மொனிற்றர். மணியோசைக்கும் கட்டளைச் சொல்லுக்கும் ஏற்ப எழுதல், திரும்புதல், சிலேற்றை உயர்த்துதல். பிரம்படியை வெறுத்த லங்காஸ்ரர், பிழை செய்த பிள்ளையைக் கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடுவதைத் தகுந்த தண்டனை எனக் கருதினார். திண்ணையின் கோதண்டத்தைக் காட்டுமிராண்டித்தனம் என எழுதிய மிசனரிமாருக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. தொழிற்சாலை முதலாளித்துவம் இம்முறையிலே தன் சொந்த முகத்தைக் கண்டுகொண்டது. சேர் தோமஸ் பேணாட் இதனை உழைப்புப் பிரிவினையின் கொள்கை அறிவுத்துறைக்குப் பிரயோகிக்கப்பட்ட ஒன்றாக வரவேற்றார். கவிஞர் கோல்றிஜ் நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் போற்றினார். பெல் தாமும் ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தல் வேண்டியதில்லை, தம் நிலைக்கு மீறிய எண்ணங்களை அது வளர்த்துவிடும் என அஞ்சினார்.

மணல் அதே மணல். சிறுவன் அதே சிறுவன். உத்தி என்ற அளவில் திண்ணைக்கும் லண்டன் மண்டபத்துக்கும் வேறுபாடு குறைவே. ஆயினும் திண்ணையில் மூத்த மாணவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது தன் அறிவை மீளக் கட்டினான். தனக்கும் சமூகத்துக்கும் பயன்படும் ஒன்றைக் கையளித்தான். லண்டனில் அவன் மேற்பார்வையாளன் ஆனான். செலவைக் குறைப்பதும் ஒழுங்கை நிலைநாட்டுவதுமே அங்கு நோக்கம். கற்றல் அவற்றின் துணைவிளைவு. ஒரு கற்பித்தல் முறையை அது இயங்கும் சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துச் 'சிறந்தது', 'தாழ்ந்தது' எனத் தரப்படுத்துவது எத்துணைப் பொருளற்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உருமாறிய இம்முறை ஆட்சியாளரோடும் மிசன்களோடும் ஈழத்தை வந்தடைந்தது. 'மொனிற்றர்' என்ற சொல் இன்றும் நமது பாடசாலைகளில் வழங்குவது கருதத்தக்கது. ஆசிரியர் வெளியே செல்கையில் பேசுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதே அவனுக்கு எஞ்சியுள்ள வேலை. சொல்லிக்கொடுக்கும் பணி உதிர்ந்துபோக, கண்காணிக்கும் பணி மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. அங்கு வானியலும் கணிதமும் கருவிகளின் துணையோடு கற்பிக்கப்பட்டன. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைப் பஞ்சாங்கக் கணிப்போடு ஒப்பிட்டு மாணவர் முன்னிலையிற் பரிசோதித்த நிகழ்ச்சி, மதமாற்ற நோக்குடையதாயினும், வகுப்பறையில் அறிவு விவாதமாக மாறிய அரிய தருணங்களுள் ஒன்று. வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததையும் அவ்வரிசையிற் சேர்க்கலாம். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், எதிராளியின் வகுப்பறை அமைப்பையும் அச்சு நூலையும் தம்வயப்படுத்தி, 1850இலிருந்து பாலபாடங்களை வெளியிட்டார். செய்யுளை மனனஞ் செய்து பின்னர் பொருள் கேட்ட பிள்ளை, முதன்முறையாகத் தான் பேசும் மொழிக்கு அண்மித்த உரைநடையை வாசித்துத் தானே பொருள் உணர்ந்தது. கற்றலின்பம் என்ற வகையில் இது சிறிய மாற்றமன்று. எனினும் சாதியெல்லை அப்படியே இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் உதவிபெறும் பாடசாலைகளிற் சமாசனம் கட்டாயமாக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரே வாங்கில் அமர்வதே அடுத்த பிள்ளையின் தந்தையால் தடுக்கப்படும்போது, ஆசிரியர் எத்துணை ஆற்றலுடையராயினும் பாடம் யாருக்கு இனிக்கும்?

நமது வகுப்பறைகளின் உயிரை நேரடியாக உறிஞ்சிய ஏற்பாடு வேறொன்று. 1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோ புகுத்திய விதிகள், பிள்ளைகளின் வரவையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் அவர்கள் பரிசோதகர் முன் பெறும் சித்தியையும் கொண்டே பாடசாலைக்குரிய நன்கொடையைக் கணக்கிட்டன. பாடசாலைப் பரிசோதகராகவும் இருந்த திறனாய்வாளர் மத்தியூ ஆர்னல்ட், போதனை இயந்திரமயமாகிவிட்டதெனத் தம் அறிக்கைகளிலே கண்டித்தார். அக்கண்டனம் கப்பலேறவில்லை, விதிகள் மட்டும் ஏறின. 1869இல் இலங்கையிற் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதையடுத்து 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' இங்கும் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியருக்கும் முகாமையாளருக்கும் இத்தனை சதம் எனக் கணக்கிடத்தக்க ஒன்றானது. பரிசோதகர் வரும் ஒரு நாளுக்காக ஓராண்டு கழிந்தது. அவர் கேட்கக்கூடியது பாடம், கேட்கமாட்டாதது வீண். அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும் அது உருவாக்கிய ஆசிரிய மனப்பாங்கு கைவிடப்படவில்லை. பிள்ளை வினா எழுப்பினால் "அது பரீட்சைக்கு வராது" என்று விடையிறுக்கும் நமது வழக்கத்தின் தோற்றுவாயை இங்கேதான் தேடவேண்டும்.

வகுப்பறையை வாழ்க்கையோடு மீண்டும் இணைக்கும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிலே தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம், சுற்றாடல், பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு பாடங்களை ஒழுங்கமைத்தது. கற்பித்தலியல் நோக்கில் அது பெரிதும் முற்போக்கானது. ஆனால் நகரத்து ஆங்கிலப் பாடசாலை அரசாங்க உத்தியோகத்துக்கு வழியாகவும் கிராமத்துப் பாடசாலை மண்வெட்டிக்கு வழியாகவும் இருந்த காலத்தில், தன் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியை 'செயன்முறைக் கல்வி' என்று தருவதைப் பெற்றோர் ஐயுற்றனர். அவ்வையம் அறியாமையன்று, வர்க்க அனுபவம். இதே கதை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு மீண்டும் நிகழ்ந்தது. எல்லா மாணவருக்கும் பொதுவான கலைத்திட்டம், ஒருங்கிணைந்த விஞ்ஞானம், உள்ளூர்த் தொழில்களை ஆராயும் தொழில்முன்னிலைப் பாடங்கள் எனத் துணிவான அம்சங்களை அது கொண்டிருந்தது. மீன்பிடியும் மட்பாண்டமும் ஆய்வுப்பொருளாகப் பாடசாலைக்குள் நுழைந்தமை எளிதில் மறக்கத்தக்கதன்று. ஆனால் பல்கலைக்கழக அனுமதியும் உத்தியோகமும் பழைய பாதையிலேயே கிடைத்தன. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கலைக்கப்பட்டபோது, அதற்காகக் குரலெழுப்பியோர் சிலரே.

1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தோன்றிய கல்விசார் அரங்கு, இம்முயற்சிகளுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கொழும்பில் நாடகமும் கல்வியும் பற்றிய பயிற்சி பெற்று மீண்ட ஆசிரியர்கள், 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை ஆரம்பித்தனர். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' பாடசாலைப் பிள்ளைகளை மேடையேற்றியது. அரங்க விளையாட்டுகளில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வட்டத்தில் நின்றனர். போதிப்பவனும் போதிக்கப்பட வேண்டியவனே என்று 1845இல் மார்க்ஸ் எழுதியது அவ்வட்டத்திலே ஓரளவு நடைமுறை வடிவம் பெற்றது எனலாம். பின்னர் நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமாயிற்று. அதனால் அத்துறை நிலைபெற்றது. அதே காரணத்தால் அரங்க விளையாட்டின் பயன்கள் ஐந்து எழுதுக என்ற வினாவுக்கு விளையாடாமலே விடை மனனஞ் செய்யும் மாணவரும் தோன்றினர்.

இன்றைய ரியூற்றறி இத்தொடர்ச்சியின் இயல்பான விளைவாகும். ரியூசன் ஆசிரியர் சுவையாகக் கற்பிப்பதில்லை என யாரும் குறைகூற முடியாது. நகைச்சுவை, பாட்டு, ஒலிபெருக்கி, வண்ணத் திரை அனைத்தும் அங்கு உண்டு. 'ஈடுபாடு' என்பதன் அளவுகோல் ஆசிரியரின் கவர்ச்சியே எனின் அவரே சிறந்த ஆசிரியர். கல்விச்சாலை உரிமையாளனைச் செல்வனாக்குவதற்காக உழைக்கும் ஆசிரியனைப் பற்றி 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் கூறிய எடுத்துக்காட்டை இங்கு நினைவுகொள்வோம். முதலாளி தன் மூலதனத்தைச் சொசேஜ் ஆலையில் இடாமற் போதனை ஆலையில் இட்டமையால் உறவின் தன்மை மாறிவிடாது என்றார் அவர். முந்நூறு பேர் மௌனமாகக் குறிப்பெடுக்கும் மண்டபம் லங்காஸ்ரரின் மண்டபத்துக்குப் பெரிதும் நெருங்கியது, மொனிற்றர்கூட இல்லை.

இறுதியாக, சட்டாம்பிள்ளை இன்னும் உயிரோடிருக்கும் ஓரிடத்தை நோக்குதல் தகும். மலையகப் பெருந்தோட்டங்களில் பாடசாலை அமைக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி பெரிது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் அப்பிள்ளைகளை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்தேயாம். அதுவரை ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே அங்கு பொதுவான நிலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதலாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க, ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொன்னார். மட்றாஸ் முறை பற்றி அவ்வாசிரியர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வறுமையே அவருக்கு அதைக் கற்பித்தது. இவ்வறுமையை நாம் அழகுபடுத்த விரும்பவில்லை. போதிய ஆசிரியரும் கட்டடமும் தளபாடமும் பெறுவது அப்பிள்ளைகளின் உரிமை. 'பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர்' என்ற புதிய சொல்லாடல் அவ்வுரிமையை மறுக்கும் மலிவான சாட்டாக மாறும் அபாயம், பெல்லின் காலத்திலிருந்ததைப் போலவே இன்றும் உண்டு. ஆயினும் அவ்வறைகளில் வளர்ந்த கூட்டுக் கற்றல் அனுபவம் நமது ஆசிரியர் கைந்நூல்களில் இடம்பெறவில்லை. அந்நூல்கள் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நகரத்து எடுகோளின் மீதே எழுதப்படுகின்றன.

இளைப்பாறிய தோட்டப் பாடசாலை ஆசிரியர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தப் பாடத்தை மூத்த பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள், எதை ஒப்படைக்கத் தயங்கினார்கள், கொழுந்தெடுக்கும் கணக்கும் செக்றோல் கணக்கும் அவர்களது எண்கணிதப் பாடத்தில் எவ்வாறு நுழைந்தன, பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் மறிக்கப்பட்ட நாள்களில் வகுப்பு என்னவாயிற்று என்பவற்றை அவர்களிடமிருந்தே அறியலாம். எஞ்சியுள்ள சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் இவ்வகையில் பயன்படும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மலையக உறுப்பினர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இப்பணியைத் தொடங்கலாம். கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றையேனும் படியெடுத்தல் இவ்வாண்டே செய்யத்தக்க வேலையாகும்.